கூண்டு மேல யாரு?

லிஃப்ட் மெக்கானிக்குக் கை நடுங்கியது. இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த கை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டு, கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பத்தாவது தடவையாகப் படித்தான். ‘இரண்டாவது மாடி, கடைசி அறை. ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.’ எழுதிக் கொடுத்தவன் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி, வேலையிலும் ஜோடி.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை செய்வான். மொட்டை மாடி மெஷின் ரூமில் இருப்பவன் மெயின் சுவிட்சைப் போடுமுன், “கூண்டு மேல யாரு?” என்று கத்த வேண்டும். “இருக்கேன்” என்று பதில் வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. “இறங்கிட்டேன்” என்று வந்தால்தான் போடலாம். போன செவ்வாய்க்கிழமை மெஷின் ரூமில் இருந்த நம் மெக்கானிக் கத்தவில்லை. தண்ணீர் பாட்டிலில் கலந்து வைத்திருந்த சரக்கைக் காலையிலேயே பாதி காலி செய்திருந்தான். சுவிட்சைப் போட்டுவிட்டான். கூண்டு மேலே கிளம்பியது.

“இருக்கேன் மாமா! இருக்கேன்!”

அணைத்தபோது மச்சினன் தலைக்கும் கூரை உத்தரத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம்.

மச்சினன் ஏறி வந்து பாட்டிலை முகர்ந்து பார்த்தான். திட்டவில்லை. “அக்காகிட்ட சொல்லல. ஞாயித்துக்கிழமை நான் சொல்ற இடத்துக்குப் போங்க. போகலைன்னா அக்காவுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். உங்கள நம்பி இனிமே நான் கூண்டுல ஏற மாட்டேன்” என்றான்.

யாராவது பார்த்துவிட்டால்? அதற்கு நம் ஆள் ஒரு யோசனை செய்து வைத்திருந்தான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் வேலைக்கு வந்தவன் என்றுதானே நினைப்பார்கள்? புத்திசாலிதான். வாட்ச்மேன் பையைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“வாங்க சார்! ரெண்டு மாசமா போன் போட்டு விரலே தேஞ்சு போச்சு. லிஃப்ட் கதவு கிறீச்சுங்குது, பாருங்க.”

வேறு வழியில்லை. லிஃப்ட் முன்னால் ‘பழுது’ பலகையை வைத்துவிட்டுக் கதவுத் தண்டவாளத்தைத் துடைக்க உட்கார்ந்தான். பக்கத்தில் வாட்ச்மேன் காவலுக்கு நின்றார். அப்போது கைத்தடி ஊன்றி ஒரு டீச்சரம்மா வந்தார். பலகையைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

வாட்ச்மேன் மெக்கானிக்கின் காதோரம் குனிந்தார். “ரெண்டாவது மாடியில குடியை விட்டவங்க கூட்டம். இந்தம்மாவும் அதுக்குத்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று சொல்லியே இதுவரை எத்தனை பேருக்குச் சொன்னாரோ! நாளைக்கு என் கதையும் இந்த வாயில்தான் என்று நினைத்தான். பலகையை எடுத்துவிட்டு, “ஏறுங்கம்மா, ஓட்டிப் பார்த்துடலாம்” என்றான்.

கதவு சாத்தியதும் அந்த அம்மா கேட்டார். “நான் ரெண்டாவது மாடி. நீங்க?”

“மெஷின் ரூமுக்கு.”

பட்டனை அழுத்திய அவன் விரல் ஆடியது. அவர் அதைப் பார்த்தார். இறங்கும்போது, “ஆறு மணிக்குச் சாத்திடுவாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் ரூமில் மணி ஐந்து ஐம்பத்தைந்து. பைக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தான். ஒரே ஒரு வாய் உள்ளே போனால் நடுக்கம் நிற்கும், நடுக்கம் நின்றால் தைரியமாகக் கீழே போகலாம் என்று மனசு நியாயம் பேசியது. செவ்வாய்க்கிழமை காலையிலும் இதே நியாயத்தைத்தான் பேசியது. நிமிர்ந்தால் எதிரே மெயின் சுவிட்ச். குடிக்கவும் பயம், கொட்டிவிடவும் பயம். மூடியைத் திருகிப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினான்.

கடைசி அறைக்கு நாலு எட்டு இருக்கும்போது கால் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கை கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“வெளிய யாராச்சும் இருக்கீங்களா? சாத்தப் போறோம்.”

அதே நேரம் படிக்கட்டில் செருப்புச் சத்தம். “மெக்கானிக் சார்! எங்க போயிட்டீங்க?” வாட்ச்மேன் ஏறி வந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அவருக்கும் கேட்கும். அவருக்குக் கேட்டால் ஊருக்கே கேட்கும். கதவு நெருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு சாண்தான் இடைவெளி.

“இருக்கேன்!” என்று கத்தினான். கட்டடமே அதிர்ந்தது. “சாத்திடாதீங்க! நான் இருக்கேன்!”