முகூர்த்த நாளில் ஒரு காலிறுதி

போன வாரம் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்றதற்குப் பாராட்டு விழாவாம், பொன்னாடையாம், கேடயமாம். எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் என்றார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏன் வரமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, தி.நகர் மாநகராட்சித் திடலில் பெரிய பையன்கள் களைத்து உட்காரும் நேரம் பார்த்துப் பந்தைத் தொட்டு ஆட்டம் கற்றவன். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் இந்தச் சின்னக் கல்லூரியில், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். அப்போது அங்கே ஆண்கள் கூடைப்பந்து அணி என்று ஒன்று கிடையாது. வளையம் இருந்தது, வலை இல்லை. அணியை உண்டாக்கியவன் நான். கோச் என்ற பட்டத்தை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பையன்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், ஜெயித்தோம், அப்புறம் நிர்வாகமும் வேறு வழியில்லாமல் கோச் என்றது. என் கையில் ஆடியவர்கள் இன்று ரயில்வேயில் இருக்கிறார்கள், போலீஸில் இருக்கிறார்கள். ஏசி ஹாஸ்டலும் மரத்தரையும் வைத்திருக்கிற பெரிய கல்லூரிகளை எங்கள் சிமெண்டுத் தரைக்கு வரவழைத்துத் தோற்கடித்து அனுப்பியிருக்கிறோம். பெருமை பேசுகிறேன் என்றால் பேசிவிட்டுப் போகிறேன். நடந்ததைத்தானே சொல்கிறேன்.

அந்தச் சிமெண்டுத் தரைதான் விஷயம். கல்லூரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே நிர்வாகம், நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு கேட். முகூர்த்த நாளென்றால் என் கோர்ட்டில் கார் நிறுத்துவார்கள். ஊரெல்லாம் கல்யாணத்துக்குக் காலண்டர் பார்க்கும். நான் பயிற்சிக்குப் பார்த்தேன். வைகாசியும் ஆவணியும் தையும் வந்தால் எனக்கு வயிறு எரியும். யாருக்கும் ஆகாத ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு நல்ல மாதங்கள். மற்ற மாதங்களில், கல்யாணத்துக்கு மறுநாள் விடிகாலையில், நானும் பையன்களும் மரத்தூள் போட்டு ஆயில் கறையைத் தேய்ப்போம். தேய்க்காமல் விட்டால் ஒருத்தன் வழுக்கி விழுவான், முட்டி போய்விடும். இப்படித்தான் வருடக்கணக்காக ஓட்டினேன்.

ஓய்வுக்கு முந்தின வருடம் மண்டலப் போட்டியில் காலிறுதிக்கு வந்துவிட்டோம். அந்த ஆட்டம் எங்கள் கோர்ட்டிலேயே என்று முடிவானது. தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

“செமி ஃபைனல் போனா அடுத்த வருஷமும் பாஸ்கெட்பாலுக்கு ஃப்ரீ சீட் உண்டு கோச். போகலைன்னா டிரஸ்ட்ல ஒத்துக்க மாட்டாங்க.”

அந்த சீட்டை நம்பிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தான் எங்கள் கேப்டனின் தம்பி. அம்மா சாந்தோம் கரையில் மீன் விற்கிறவர். அப்பா இல்லை. சீட் இல்லையென்றால் அந்தப் பையனுக்குக் கல்லூரி இல்லை. அண்ணனைவிட அவன் உயரம், இடது கையாலும் போடுவான். அவனை நான் ஏற்கெனவே மனதுக்குள் அணியில் சேர்த்துவிட்டேன்.

காலண்டரைப் பார்த்தேன். போட்டி நாள் முகூர்த்த நாள். கிழித்துக்கொண்டு போய்த் தாளாளர் மேஜையில் வைத்தேன்.

“அன்னிக்கு ஒரு வண்டி உள்ள வராது. நான் பாத்துக்கறேன்” என்றார். என் எதிரிலேயே வாட்ச்மேனையும் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆட்டம் காலை ஏழு மணிக்கு. முந்தின மாலையே கோடு போட்டு முடித்தேன். காலையில் பையன்களைக் கடற்கரையில் மெதுவாக ஓடவிட்டுத் திரும்பி வந்தால், கோர்ட் முழுக்கக் கார்.

கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். “இன்னா மாஸ்டர் இது, கிரவுண்டா ஷோரூமா?”

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். “நான் இன்னா பண்றது நைனா. தாளாளரு வந்து ஹாரன் அட்ச்சாரு, தொறந்தேன். பின்னாடியே வால் புட்ச்சிக்கினு எல்லாம் உள்ள பூந்துடுச்சி.”

யாரையும் விடாதே என்று சொன்னவர், அந்த யாரிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அரைக்கால் சட்டையும் விசிலுமாகப் பந்திக்குள் நுழைந்து ஊதினேன். சாம்பார் வாளியோடு போனவன் அப்படியே நின்றான். கையில் இட்லித் துண்டோடு ஒரு பெரியவர் நிமிர்ந்தார்.

“யாருப்பா நீ? பொண்ணு சைடா, மாப்ள சைடா?”

“கோர்ட்டு சைடு சார். ஏழு மணிக்கு மேட்ச். தயவுபண்ணி வண்டிய எடுங்க.”

முணுமுணுத்தார்கள், ஆனால் எடுத்தார்கள். கை கழுவாமல்கூட ஓடி வந்து எடுத்தார் அந்தப் பெரியவர். கல்யாணத்துக்கு வந்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். கடைசியில் ஒரே ஒரு வண்டி நின்றது. புதிது, வெள்ளை, யானை மாதிரி, சரியாக வளையத்துக்குக் கீழே.

தாளாளர் மணமேடைக்கு எதிரில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குனிந்தேன்.

“சார், வண்டி.”

“தாலி கட்டற நேரத்துல எழுந்து போனா நல்லாவா இருக்கும்? முடியட்டும் கோச்.”

“சாவியக் குடுங்க சார், நான் எடுத்துடறேன்.”

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “அது ஆட்டோமேட்டிக். உனக்கெல்லாம் வராது.”

கோச் என்று கூப்பிட்ட வாய் ஒரு மூச்சில் உனக்கெல்லாம் என்றது. இந்தக் கல்லூரிக்கு வருமுன் நான் வேன் ஓட்டிப் பிழைத்தவன். அதைச் சொல்ல வாயெடுத்தபோது கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை என் தலையிலும் விழுந்தது.

வெளியே நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் பொறுப்பார்கள், அதுதான் விதி. எதிரணிக் கோச்சிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். “நான் இன்னா மாஸ்டர் பண்ண முடியும், ரூல் ரூல்தான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பந்து மேலே போகாமலேயே எதிரணி ஜெயித்ததாக வாக்ஓவர் கொடுத்துவிட்டார்கள். என் பையன்களுக்கு வேர்க்கக்கூட இல்லை.

அவர்கள் பஸ் கிளம்பிப் போன பிறகு, தாம்பூலப் பையை ஆட்டிக்கொண்டு தாளாளர் வந்தார்.

“மேட்ச் முடிஞ்சிடுச்சா? யாரு ஜெயிச்சாங்க?”

“உங்க காருதான் சார்” என்றான் கேப்டன்.

நான் விசிலை எடுத்து ஊதினேன். பயிற்சி ஆரம்பம் என்றேன். பையன்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முதல் பந்து வளையத்தில் பட்டுக் காரின் கூரையில் தொம்மென்று விழுந்தது. இரண்டாவது பந்து போவதற்குள் அவர் ஓடிப் போய் ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து, கேட்டைத் தாண்டிவிட்டார். ஷூ லேஸ் கட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவ்வளவு நேர வேலைதான் அது.

அடுத்த வருடம் ஃப்ரீ சீட்டை நிறுத்தினார்கள். காரணம் கேட்டேன். செமி ஃபைனல் போகவில்லையே என்றார்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். கேப்டனின் தம்பி இப்போது பெருங்குடி ஆபீஸ்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் முட்டி இடிக்க உட்கார்ந்து போகிறான்.

விழாவுக்குக் குறித்திருக்கும் தேதியைக் காலண்டரில் பார்த்தேன். முகூர்த்தம் இல்லாத நாள். மண்டபம் சும்மா கிடக்கிற நாளாகப் பார்த்து எனக்கு மரியாதை செய்கிறார்கள். அன்று கோர்ட்டும் காலியாகத்தான் இருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். கேப்டனின் தம்பியும் லீவு போடுகிறேன் என்றிருக்கிறான். நானும் அவனும் அங்கே பந்து போட்டுக்கொண்டிருப்போம். பொன்னாடை போர்த்த ஆசைப்படுகிறவர் அந்தக் கேட் வழியாக வரட்டும், நடந்து. வரும்போது அந்த சீட்டையும் கையோடு கொண்டு வரட்டும்.