பிரேக் ஆயில் டப்பாவில் நான் போட்ட கோடு

என் கணவர் பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அது நெடுநாள் ஆசை. காரின் பின்னால் பேருக்கு ஒரு இருக்கை. அதில் நாலு வயது மகளை உட்காரவைத்து, தினமும் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூஜுவாடிப் பக்கம் நான் ஓட்டினேன். பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டாம் முறை மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் லாரி.

"இந்த வண்டி பெடல் அப்டித்தான் இருக்கும். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்.

வெறும் என் பயமாகவே இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனாலும் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்தேன். பெடலை மிதித்தால் ஒரு பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் அமுங்காது. அதனால் காலின் அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை பிரேக் பேடுகள் இரண்டு பக்கமும் கவ்வுகின்றன. ஆயில் கசிந்து காற்று புகுந்தால், காற்று அமுங்கிவிடும், பெடல் மெத்தென்றாகும். ஸ்போர்ட்ஸ் காரில் பெடல் மற்ற கார்களைவிடக் கெட்டியாகவே இருக்க வேண்டுமாம்.

அவருடைய தொழிற்சாலையில் சரிபார்த்த போல்ட்டின் மேல் பெயின்ட் மார்க்கரால் கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் அடுத்தவர் சந்தேகப்படுவதில்லை. அதே மாதிரி மார்க்கர் வாங்கி, காரின் பானெட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் நின்ற மட்டத்தில் கோடு போட்டேன். அவர் சிரித்தார்: "வாங்க இன்ஸ்பெக்டர் மேடம்!"

பத்து நாள் பார்த்தேன். ஆயில் கோட்டிலேயே நின்றது. தவறாகச் சந்தேகப்பட்டேன் என்று அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன். "பரவால்ல விடு," என்றார்.

மறுநாள் காலை மகளுக்கு இருமல் மருந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்தவள் சொன்னாள்: "காருக்கும் அப்பா தெனம் டானிக் ஊத்துறாரு. உன் கோடு வரைக்கும். அம்மாகிட்ட சொல்லாதன்னாரு."

அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"கசியுதா?"

"பின் சக்கரத்துல கொஞ்சூண்டு. பார்ட் சொல்லிருக்கேன். தெரிஞ்சா நீ வண்டியவே எடுக்க விடமாட்டே."

"பாப்பா உள்ள இருக்காளேங்க."

"நாந்தானே ஓட்டுறேன்?"

நான் ஓயாமல் நச்சரிப்பதால்தான் மறைத்தாரோ என்று அப்போதும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் கசிவை அவர் மறைத்தது மட்டுமல்ல. என் கோட்டை அளவாக வைத்து என்னை நம்பவைத்தார். மகளையும் அதில் கூட்டுச் சேர்த்தார். அன்று அவளை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

அடுத்த வாரம் பார்ட் வந்தது. "இப்ப மிதிச்சுப் பாரு," என்றார். பெடல் கல்லாக நின்றது. இறங்கி, நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை.

"இப்ப நம்புறியா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மகளின் பையை எடுத்தேன்.