பெண் பார்க்க வந்த அன்று அடித்த மேல்காற்று

கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவு முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மேகங்கள் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே தங்கள் வேலையை முடித்துக்கொள்ளும். மலையைத் தாண்டி எங்களிடம் வந்து சேர்வது ஈரமில்லாத காற்று மட்டும்தான். மேல்காத்து என்போம். ஆடியில் ஆரம்பித்து ஆவணி முடியும்வரை அடிக்கும். சில வருடங்களில் புரட்டாசியிலும் விடாது. ஒரே சீராக அடிக்கிற காற்றும் இல்லை. வெகுநேரம் இலைகூட அசையாது. காற்று ஓய்ந்துவிட்டது என்று நினைத்துத் துணியைக் காயப்போட்டால், சரிவில் இறங்கி வந்து ஒரே வீச்சில் அதைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போடும். உதடு வெடிக்கும். தலைமுடி தென்னை நாராகும். கள்ளக்குறிச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னால், "இங்கயுந்தான் காத்து அடிக்குது" என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

அப்படி ஓர் ஆவணிக் கடைசியில் என் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. மக்காச்சோளக் கதிர் உரிப்பதில் அத்தைக்கு ஈடாக எங்கள் தெருவில் ஆளில்லை. வாய் பேசுவதிலும் இல்லை. அதற்கு முன் வந்தவர்களில் ஒரு வீட்டார் நிறம் கம்மி என்றார்கள். இன்னொரு வீட்டார் கேசரி நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான், பிறகு போனையே எடுக்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் எதுவும் பேச முடியாது என்று அப்பா தவித்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை மாப்பிள்ளை நைனார்பாளையம். அங்கே மோட்டார் பம்புக் கடை வைத்திருந்தார். அம்மாவையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். இறங்கியதுமே என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார். அந்த நிமிடமே இவர்தான் என் மாமா என்று நான் முடிவு செய்துவிட்டேன். அத்தையின் அபிப்பிராயம் எனக்குத் தேவைப்படவில்லை.

எனக்கும் ஒரு வேலை தந்திருந்தார்கள். அத்தை கட்டியிருந்த அரக்குப் பட்டு அம்மாவுடையது. அம்மா அத்தையைவிட உயரம். அதனால் புடவை தரையில் புரளாமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போக வேண்டும். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. அத்தை தண்ணீர் குடிக்கப் போனால்கூட நான் கூடவே போனேன்.

அத்தை காபி கொடுத்து, கும்பிட்டு, உள்ளறைக்குத் திரும்பிய பிறகுதான் காற்று இறங்கியது. முதலில் மலைப்பக்கமிருந்து ஒரு நீண்ட இரைச்சல். அடுத்து மக்காச்சோளக் கொல்லை முழுவதும் ஒரே திசையில் சாய்ந்தது. களத்தில் காயவைத்திருந்த சோளத்தின் மேலிருந்து தார்ப்பாய் எழும்பியதைப் பார்த்து அப்பா, சித்தப்பா, கார் டிரைவர் மூவரும் அதைப் பிடிக்க ஓடினார்கள். அம்மா சமையலறையில் ஜன்னல்களோடு மல்லுக்கு நின்றாள். கூடத்தில் விருந்தாளிகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டகை. தகரக் கூரை. அது படபடவென்று அடித்துக்கொள்வதும், உள்ளே கட்டியிருந்த கன்றுக்குட்டி கத்துவதும் கேட்டன. அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, கூரை பிச்சிக்கினு போவப்போவுது. கன்னுக்குட்டி உள்ள கீதே!"

பின்கதவைத் திறந்து ஓடினாள். எனக்கு இட்ட வேலையை நான் எப்படி விடுவது? புடவையைப் பிடித்தபடி நானும் ஓடினேன். நாங்கள் வெளியே வந்ததும் காற்று பின்கதவை அறைந்து சாத்தியது. மேலேயிருந்த கொக்கி உள்பக்கமாகத் தானே விழுந்து மாட்டிக்கொண்டது.

அத்தை முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கன்று எங்களை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கொல்லைக்குள் பாய்ந்து மறைந்தது. அதே சமயம் ஒரு தகரம் கழன்று, எங்கள் தலைக்கு மேலே சுழன்று, வீட்டையும் தாண்டிப் போனது. அத்தை அப்போதுதான் நான் பின்னால் நிற்பதைப் பார்த்தாள்.

"நீ எதுக்குடி வந்த?"

பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டியே வீட்டைச் சுற்றி வாசலுக்கு ஓடினாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முழங்காலில் தெரிந்தது. நாங்கள் வாசலுக்கு வரும்போது இன்னொரு தகரம் வந்து முற்றத்தில் செங்குத்தாகக் குத்தி நின்று, பிறகு சாய்ந்தது.

மாப்பிள்ளை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தகரத்தைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. அவர் ஓரடி பின்னால் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அத்தை உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"கதவத் தொறங்க! கொழந்த கீதுங்க!"

உள்ளேயிருந்து அவருடைய மெல்லிய குரல் கேட்டது.

"கொஞ்சம் காத்து அடங்கட்டும்ங்க."

அத்தை அதன் பிறகு தட்டவில்லை. வாசல் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி உண்டு. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து, மேலே கவிழ்ந்துகொண்டு, பட்டுமுந்தானையை இழுத்து எங்கள் இருவரையும் மூடினாள். உள்ளே அரக்கு நிறத்தில் ஓர் இருட்டு. மல்லிகையும் வியர்வையும் கலந்து மணத்தது. வெளியே ஏதேதோ உருண்டன, உடைந்தன. கூடாரத்துக்குள் இருப்பதுபோல எனக்கு ஒரே குதூகலம். அத்தை மட்டும் முந்தானையின் ஓரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

வந்த வேகத்திலேயே காற்று நின்றது. கதவு திறந்தது. மாப்பிள்ளை வெளியே வந்து தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

"கண்ணுல மண்ணு வுழுந்துச்சா பாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

தார்ப்பாயை மடித்துப் போட்டுவிட்டு அப்பா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். நானும் அத்தையும் உள்ளே போனபோது அம்மாவும் கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் தலையிலிருந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டு, "எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்குதுங்க. பூ வெச்சிட்டே போறோம்" என்றார். வழக்கமாக வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அத்தை நிமிர்ந்தாள். புடவையெல்லாம் மண்.

"எனக்கு வாணாம்ணா."

"இன்னா சொல்ற?" என்றார் அப்பா.

"வாணாம்ணா."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தைகூட வாங்க முடியவில்லை. வந்தவர்கள் எழுந்து போனார்கள். கார் தெருமுனை திரும்பியதும் அப்பா கத்தத் தொடங்கினார். எந்த ராஜகுமாரனுக்காகக் காத்திருக்கிறாள், நல்ல இடம், குடிப்பழக்கம் இல்லை, அவர்களே பிடித்திருக்கிறது என்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும் என்றார். காற்றில் புத்தி கெட்டுவிட்டது என்று சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். அப்பா அத்தையோடு பேசவே பல நாள் ஆயிற்று. மறு வருடம் தை மாதத்தில் ரிஷிவந்தியத்தில் டிராக்டர் ஓட்டும் ஒருவருக்கு அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு. அப்பாவுக்கு மட்டும் அந்த பம்புக் கடைச் சம்பந்தம் கைநழுவிய குறை கடைசிவரை தீரவில்லை. பேச்சு வரும்போதெல்லாம், காரணமே இல்லாமல் வேண்டாம் என்றுவிட்டாள் என்பார்.

அன்று வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகக் கோபப்பட்டது நான்தான். சாயங்காலம் அத்தை கொல்லையில் கன்றைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, மண் படிந்திருந்த தலையை வாரிக்கொண்டிருந்தாள். மலை ஒன்றும் நடக்காததுபோல் நீலமாக நின்றது. நான் போய் எதிரே நின்றேன்.

"அந்த மாமா நல்லவருதானே அத்த? எதுக்கு வாணான்ன?"

அத்தை சீப்பிலிருந்து முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தியதற்காகத்தான் கோபமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதில் என்ன இருக்கிறது? காற்றடித்தால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும்தான் கதவைச் சாத்துகிறார்கள். அவளுக்கு அது புரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் நானே விளக்கிச் சொன்னேன்.

"தூசி உள்ள வந்துடும்னுதானே அத்த அவுரு கதவச் சாத்துனாரு?"

அத்தை என்னைத் திருப்பி உட்காரவைத்து என் தலையிலிருந்த மண்ணை வாரத் தொடங்கினாள்.

"ஆமா பாப்பா. தூசிதான்" என்றாள்.

ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவைத்த திருப்தியோடு நான் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.