பாயாசத்துக்குள்ளை மச்சமோ?

"ஆக்களின்ரை நிறையைக் கேட்கிறவன்..." என்று பெரியப்பா ஏதோ சொல்லத் தொடங்குவார். மிச்சம் மறந்துபோயிற்று, நல்லதாக முடியவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து யாழ்ப்பாணத்தில் நான் தேடிக்கொண்ட தொழில் அதுதான்: நிறை குறைப்பு நிலையம். வருகிறவர்களைத் தராசில் ஏற்றுவது, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கிற மாப்பெட்டி விற்பது, சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுப்பது. இடுப்புப் பட்டியில் புது ஓட்டை போட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

தராசில் ஒரு கழித்தல்

பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வந்தவர் சரோஜா அக்கா. முழங்கால் இரண்டும் தேய்ந்து, படி ஏற முடியாத நிலை. நிறை குறைந்தால்தான் சத்திரசிகிச்சைக்குத் திகதி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கைப்பையை என் உதவியாளர் வாணியிடம் கொடுத்தார், செருப்பைக் கழற்றினார், கைக்குட்டையைக்கூட மேசையில் வைத்தார். தராசில் ஏறி முள்ளைப் பார்த்ததும் கை கழுத்துக்குப் போனது. "தம்பி, தாலிக்கொடியைக் கழட்டேலாது. அதுக்கு எவ்வளவெண்டு பாத்துக் கழிச்சு எழுதும்."

என் மொழிபெயர்ப்பு

மாப்பெட்டியோடு வந்த கம்பனிக் கடுதாசி ஆங்கிலத்தில் இருந்தது. காலையும் மதியமும் மாக்கரைசல், இரவில் தாவர உணவு. தாவர உணவு என்றால் மாட்டுக்குப் போடுவதுபோல இருக்கிறதே என்று 'சைவச் சாப்பாடு' என எழுதி அச்சடித்தேன். இரண்டு மொழியில் படித்த கெட்டித்தனம்.

அடுத்த மாதம் அக்காவின் நிறை கூடியிருந்தது. என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தேன். வெள்ளைச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், மோர்மிளகாய், பாயாசம். எங்களூரில் சைவம் என்றால் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை என்று பொருள்; தட்டில் என்ன இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நான் இதை விளக்கி முடிக்கும்வரை அக்கா பொறுமையாகக் கேட்டார். "கடுதாசியிலை சைவமெண்டுதானே கிடக்கு? பாயாசத்துக்குள்ளை என்ன மச்சமோ கிடக்கு, தம்பி?"

மெலிஞ்சு போனியள்

பிழை இரவுச் சாப்பாட்டில்தான் என்று அக்கா அதையே விட்டுவிட்டார். மூன்று நேரமும் மாக்கரைசல். நிறை மளமளவென்று இறங்கியது. வாணி சுவரில் ஒட்டுவதற்குப் படம் எடுத்தாள். ஊரில் கண்டவர்களோ, "மெலிஞ்சு போனியள், என்ன வருத்தம்?" என்று கேட்டார்களாம். இங்கே அது புகழ்ச்சி இல்லை, நோய் விசாரிப்பு. அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

பிறகு தலைசுற்றத் தொடங்கியது. கிளினிக்கில் சோதித்தால் இரத்தம் காணாதாம், இரத்தசோகையாம். சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. அக்கா நேரே எங்களிடம் வந்து கதிரையில் இருந்தார். "நிறையைக் குறையெண்டினம், குறைச்சன். இப்ப இரத்தத்தைக் கூட்டெண்டினம். அதுக்கும் உங்களிட்டை மா கிடக்கோ?"

சந்தைச் சாமான்

அன்று மாப்பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதைத்தோம். இரும்புச்சத்துக் குளிசையை வைத்தியர் கொடுத்திருந்தார். சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு ஓர் அகப்பை. மிச்சத் தட்டுக்கு முருங்கையிலை வறை, பயறு, வாழைப்பூ, பூசணி. கீரையோடு தேசிக்காய்ப் புளி பிழிந்து சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்றேன். தலையாட்டினார். சைவச் சமையல் நாளான வெள்ளிக்கிழமையும் பொரிக்கக்கூடாது என்றபோதுதான் முகம் சுளித்தார். அதுவரை வீட்டு வேலியில் நின்ற முருங்கை முழுவதும் ஆட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

நிறை முன்னைய வேகத்தில் இறங்கவில்லை. ஆனால் இறங்கியது, தலைச்சுற்றும் நின்றது. வாணிக்குத்தான் கவலை. "அண்ணை, எல்லாரும் வேலியிலை ஆய்ஞ்சு சாப்பிட்டால் நாங்கள் ஆருக்கு மா விக்கிறது?"

திகதி

கடைசியில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தது. அதைச் சொல்ல அக்கா வந்திருந்த நேரம், மானிப்பாயிலிருந்து புதிதாக வந்த இளம்பெண் ஒருத்தி மாப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அன்ரி, உதைக் குடிச்சோ மெலிஞ்சனியள்?" என்று கேட்டாள். வாணி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"உதைக் குடிச்சும் மெலிஞ்சனான், பிள்ளை, பிறகு சாப்பிட்டும் மெலிஞ்சனான். சாப்பிட்டு மெலிஞ்சதைத்தான் டொக்டர் கணக்கிலை எடுத்தவர்."

அந்தக் கிழமையே மாப்பெட்டிகளைக் கம்பனிக்குத் திருப்பி அனுப்பினேன். தராசை மட்டும் வைத்துக்கொண்டேன்.