குடும்பம்: இல்லை

அந்த நாளில் இந்தியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வருகிறவன் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். பாஸ் என்போம். வாந்திபேதியும் அம்மையும் எங்கள் மூட்டைக்குள் ஏறி வந்துவிடும் என்று துரைமாருக்குப் பயம். கடிதம் இல்லாமல் வருகிறவனை மண்டபம் முகாமிலேயே நாள்கணக்கில் அடைத்து வைப்பார்கள். இன்ன ஊரில் இன்ன கடை முதலாளி பொறுப்பு என்று கடிதம் வைத்திருப்பவனுக்குப் பாஸ் எழுதி அனுப்புவார்கள். வந்தவன் பன்னிரண்டு நாளைக்குத் தினமும் காலையில் கந்தோரில், அதாவது சர்க்கார் ஆபீஸில், போய் முகத்தைக் காட்ட வேண்டும். பாஸில் எழுதிய விலாசத்தை விட்டு வேறு ஊருக்குப் போகக் கூடாது. பன்னிரண்டாம் நாள் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, போ என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவுதான் சங்கதி. இதற்குப் பயந்து நான் என்ன செய்தேன் என்பதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கண்டியில் ஒரு பிடவைக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். நாங்கள் பதினொரு பேர், எல்லாரும் தெற்குச் சீமைக்காரர்கள். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. யார் விலாசம் கேட்டாலும் கடை விலாசத்தைத்தான் சொல்வோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. முதலாளிக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைப் பையனுக்குக் கலியாணம் ஆகலாம், பெண்டாட்டி ஊரில் இருக்க வேண்டும். இங்கே வீடு எடுத்துக் குடும்பம் வைத்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அப்படிப் போனவர்கள் இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கோ கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் குடும்பம் இருந்தது. கெலிஓயாவிலிருந்து துணி வாங்க வரும் தையல்காரர் ஒருவரோடு பழக்கமாகி, கோயில் திருநாளில் அவர் தங்கையைப் பார்த்து, அவளையே கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வருவேன். கட்டிய பெண்டாட்டியைப் பார்க்கத் திருடனைப் போல் போய் வந்தவன் நான். பெண் குழந்தை பிறந்தபோது கடையில் தீபாவளி வியாபாரம். பிறப்பைப் பதிந்தது மைத்துனர். ஞானஸ்நானத்துக்கும் நான் இல்லை, சாமியாருக்கு முன்னால் தகப்பன் பெயரைச் சொன்னதும் அவர்தான்.

குழந்தைக்கு ஒன்பது மாதமானபோது ஊரில் என் அம்மா இறந்து போனாள். முப்பதாம் நாள் பூசைக்குப் புறப்பட்டேன். முதலாளி எனக்காகக் கடிதம் எழுதினார். “கலியாணமாகாதவன், கடையில் தங்குகிறவன், நான் பொறுப்பு” என்று அதில் இருந்தது. வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கலியாணமாகாதவரா? அப்ப நாங்க ரெண்டு பேரும் யாரு?”

“அது அவர் எழுதினது.”

“அவர் எழுதட்டும். உங்ககிட்ட யாராவது கேட்டா நீங்க சொல்லுங்க. பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்? பயந்தது போதும்.”

சொல்கிறேன் என்றேன். திரும்பி வரும்போது மண்டபத்தில் கிளார்க் கேட்டார்: “இலங்கையில குடும்பம் உண்டா?” என் கையில் முதலாளியின் கடிதம். கடிதத்துக்கு மாறாகப் பேசினால் முகாமில் போட்டுவிடுவார்களோ, முதலாளிக்குச் செய்தி போய்விடுமோ என்று ஒரு நொடிக்குள் ஆயிரம் யோசனை. “இல்லீங்க” என்றேன். குடும்பம்: இல்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். நான் கும்பிடு வேறு போட்டேன்.

கண்டிக் கந்தோரில் தினமும் பாஸைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர். நல்ல மனுஷர். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணைப் பார்ப்பார். பிறகு ஒரே கேள்விதான். “வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?” நானும் தினமும் ஒரே பதில்தான் சொன்னேன். “ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க.” கடையில் பத்துப் பேரும் கல்லுக்குண்டாட்டம் இருந்தார்கள். அதை நினைத்துத்தான் சொன்னேன்.

அந்த வருஷம் மழை பொய்த்து மகாவலி வற்றிக் கிடந்தது. பாறைக்குப் பாறை தேங்கிய தண்ணீரில் கொசு. கெலிஓயாவுக்கு அடுத்த பிலிமத்தலாவைப் பக்கம் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல் என்று பஸ்காரர்கள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான்காம் நாள் மைத்துனர் கடைக்கு வந்தார். முதலாளி முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் ஒரு கைக்குட்டைத் துணியைக் கேட்டு வாங்கி, அதைத் தடவிப் பார்ப்பவர்போலக் குனிந்து, “பிள்ளைக்குக் காய்ச்சல், மச்சான். ரெண்டு நாளா விடல” என்றார். நான் கஜக்கோலைப் பிடித்தபடி, “மருந்து குடுத்தீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

ஏழாம் நாள் மறுபடியும் வந்தார். “கொயினா குடுத்தோம். விட்டு விட்டு வருது. தங்கச்சி உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுது.”

“இன்னும் அஞ்சு நாள் இருக்கே.”

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

கெலிஓயா என்ன சீமைக்கப்பாலா இருக்கிறது? பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். காலையில் முகத்தைக் காட்டிவிட்டுப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். என் பக்கத்தில் நின்று துணி கிழிக்கிறவனுக்கு என் விஷயம் தெரியும். “போயிட்டு வாலே. எவன் பாக்கப் போறான்? போன தடவை நான் பாஸ் நாள்லயே பேராதனைக்கு நாடகம் பாக்கப் போனேன்லா” என்றான். ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் கந்தோர் ஆள் ஒருவர் கடைக்கு வந்து, நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு காக்கிச் சட்டை போட்ட தபால்காரர் வந்தால்கூட எனக்கு நெஞ்சு அடித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் வேலையும் போகும், அவர்களும் அநாதையாவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

ஒன்பதாம் நாள் காலையில் கந்தோரில் என் முறை வந்தது. கிளார்க் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

“என்ன காணும், என்ன நடந்தது?”

“கெலிஓயாவில என் பொண்டாட்டி இருக்காங்க. பத்து மாசப் பிள்ளைக்குக் காய்ச்சல். பாஸ்ல இல்லைன்னு சொல்லிட்டேன். தப்புத்தான். என்னைத் திருப்பி அனுப்பிராதீங்க.”

அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்தார்.

“இதுக்கே அழுகிறீர்? விலாசம் மாத்தலாம் எண்டு பாஸின்ரை பின்பக்கத்தில இடம் விட்டுக் கிடக்கு. அங்கத்தை ஆஸ்பத்திரியில போய்க் காட்டினால் காணும். முதல் நாளே கேட்டிருந்தா முதல் நாளே எழுதித் தந்திருப்பன். அழுத பிள்ளைதானே ஐயா பால் குடிக்கும்?”

‘இல்லை’ என்பதை ஒரு கோட்டால் அடித்தார். அதன் மேல், மனைவி, ஒரு பெண்பிள்ளை என்றும், பின்பக்கத்தில் கெலிஓயா விலாசத்தையும் எழுதினார். மை காயட்டும் என்று ஊதிக் கொடுத்தார். என் பிள்ளையை என் பிள்ளை என்று என் வாயால் சொல்லி ஒரு காகிதத்தில் எழுத வைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. வேலை போனால் போகட்டும், முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்று கடைக்கு ஓடினேன்.

மைத்துனர் என் இடத்துக்கு எதிரே நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். முதலாளி இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னார்.

“வெள்ளை மல் ஒண்ணரைக் கஜம்.”

ஒன்றரைக் கஜத்தில் எந்த வயசுக்கு என்ன தைக்கலாம் என்று துணிக் கடைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? சுருளை எடுத்தேன், விரித்தேன், கோலை வைத்தேன். கை அளந்துவிட்டது. கத்தரிக்கோல்தான் போகவில்லை.

“என்னலே, துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கே?” என்றார் முதலாளி. “புதுத் துணி, நனைச்சாச் சுருங்கும். அரைக் கஜம் கூட்டிப் போடுன்னு சொல்லு.” ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் சொல்வதுதான்.

“இது சுருங்காது முதலாளி. நனைக்க மாட்டாங்க. என் பிள்ளைக்கு.”

“உனக்கு ஏதுலே பிள்ளை?”

நான் பாஸை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். படித்தார். மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். எழுந்து வந்து கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி, தானே வெட்டி, தானே மடித்துக் காகிதத்தில் சுற்றினார். “போலே. முதல்ல போ” என்றார். அந்தக் கடையில் நான் கடைசியாக அளந்த துணி அது.

குழந்தை விடியற்காலையில் போயிருந்தாள். நான் கந்தோரில் அழுதுகொண்டு நின்ற நேரத்தில் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மைத்துனர் மிஷினில் உட்கார்ந்து சட்டையைத் தைத்து முடிக்கும்வரை காத்திருந்தோம். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். என் மனைவி என்னைத் திட்டவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

பாஸில் இன்னும் மூன்று நாள் மீதி இருந்தது. கெலிஓயா மருந்துச் சாலையில் காய்ச்சல் காலத்துக்கென்று புதிதாய் வந்த, டாக்டருக்குப் பதிலாய் மருந்து எழுதும் சிங்கள அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். வாசல் கொள்ளாத கூட்டம். அவர் பாஸை வாங்கி, தனக்குத் தெரிந்த தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“மனைவி. ஒரு பெண்பிள்ளை. ரெண்டு பேரும் சுகமா?”

இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. சொன்னால் அவர் பேனாவை எடுப்பார், அந்த வரியை அடிப்பார். அடிக்கவிட எனக்கு மனமில்லை.

“சுகங்க” என்றேன்.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் சுகம் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் என் மனைவிக்கும் காய்ச்சல் கண்டது. கொயினா வாங்க அவளும் என்னோடு வந்து பக்கத்தில் நின்றாள். அப்போதிக்கரி அவளுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு என் பாஸைப் பார்த்தார்.

“மனைவிக்குக் காய்ச்சல். சரி. பிள்ளை?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பிள்ளை சுகமா இருக்குங்க” என்றேன்.

அவர் முத்திரை குத்தினார். இந்தக் காகிதத்தை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடிந்த பாஸைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லி, மற்றக் காகிதங்களோடு சேர்த்துக் கம்பியில் குத்திவிட்டார்.

வெளியே வந்து பாலம் வரைக்கும் நடந்தோம். அங்கே அவள் நின்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தாள்.

“பிள்ளை இருக்குன்னு இந்த ஒரு வார்த்தையைத்தானே உங்களை அன்னைக்கே சொல்லச் சொன்னேன்?”