காலமானவர் கட்டிய பார் லைசென்ஸ் கட்டணம்

1. செலானில் இருந்த பெயர்

கலால் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக நான் இருந்த கடைசி மார்ச் மாதம் அது. ஹோட்டல் பார், கிளப் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் அந்த மாதக் கடைசியோடு முடியும். அடுத்த வருடத்துக்கான உரிமக் கட்டணத்தைக் கட்டி, செலானோடு விண்ணப்பம் கொடுத்தால்தான் ஏப்ரலில் ஷட்டரைத் தூக்க முடியும். வருடம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி வாரத்தில் எல்லோரும் மொத்தமாக வந்து நிற்பார்கள். லட்சக்கணக்கில் கட்டுகிறவர்கள் ரேஷன் கடையில் நிற்பதைப் போல இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் குமரேசன் வந்தார். புதுச்சத்திரம் பக்கம் ஹைவேயில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு ஹோட்டல், அதையொட்டி ஒரு பார். லைசென்ஸ் அவருடைய அப்பா சென்னியப்பன் பெயரில் இருந்தது.

செலானைப் பார்த்தேன். தொகை சரி. பணம் சேர வேண்டிய கணக்குத் தலைப்பும் சரி. பணம் செலுத்தியவர் பெயர் சென்னியப்பன். விண்ணப்பத்தின் அடியிலும் சென்னியப்பன் கையெழுத்து.

நான் அம்மாபேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தவள். புதுச்சத்திரம் ஸ்டாப்பில் அந்த மனுஷனுடைய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை ஜன்னல் வழியாக இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யாரு கையெழுத்துங்க?"

"அப்பாதுங்க மேடம்."

"அப்பா எப்பங்க போட்டாரு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். காது சிவந்துவிட்டது.

"நான்தானுங்க போட்டேன்," என்றார் மெதுவாக. "துக்கம் நடந்து வருசம் திரும்பற வரைக்கும் ஊட்ல புதுசா எதையும் ஆரம்பிக்கறதில்லீங்க. பேர் மாத்தறதும் அப்படித்தான்னு அம்மா சொல்லுதுங்க. பணத்தை முழுசாக் கட்டிட்டமுங்க. கவர்மெண்டுக்கு ஒரு பைசா நட்டமில்லீங்களே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கட்டணம் கட்டிவிட்டால் கடை வாடகை கொடுத்த மாதிரி, பேச்சு முடிந்தது என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. லைசென்ஸ் கொடுப்பது ஆளுக்கு, கட்டடத்துக்கு இல்லை. அந்த ஆள் காலமானால் வாரிசுகள் தகவல் சொல்லி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அதற்குரிய கட்டணத்தையும் கட்ட வேண்டும். இப்படியே விட்டால் ஏப்ரலில் இருந்து அங்கே விற்பது லைசென்ஸ் இல்லாத சரக்கு. போதாததற்குப் பொய்க் கையெழுத்து வேறு.

"தம்பி, இதை நான் உள்ள வாங்கினா நாளைக்கு உங்க மேல கேஸ் வரும். உள்ள போறது நீங்கதான். எடுத்துக்கிட்டுப் போங்க. வாரிசுச் சான்றோட வாங்க."

"அப்ப ஒண்ணாந்தேதி பார்?"

"மூடித்தான் இருக்கும்."

"வேலைக்காரங்கெல்லாம் இருக்காங்க மேடம்."

"அவங்க சம்பளத்துக்கு நீங்க வெளிய இருக்கணும் இல்லையா?" என்றேன்.

2. அம்மா வந்தார்

மறுநாள் அவருடைய அம்மாவே வந்துவிட்டார். துக்கத்துக்குப் பிறகு அந்த அம்மாள் வாசற்படி தாண்டியதே அன்றுதான் என்று குமரேசன் சொன்னார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஏஞ்சாமி, அவரு பேரை எடுத்துப்போட்டுத்தான் ஆகோணுமா? ஒரு வருசம் பொறுக்க மாட்டீங்களா?"

"போர்டுல அவர் பேரு இருக்கட்டும்மா. அதை யாரும் கேக்க மாட்டாங்க. லைசென்ஸ்ல இருந்தா உங்க பையன் ஜெயிலுக்குப் போவாரு."

அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவா என்கிற பார்வை. குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். மகன் பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று அம்மா எழுதித்தர வேண்டிய கடிதத்தைக் குமரேசனே தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார். வீட்டில் காட்டத் தைரியம் வரவில்லையாம். இப்போது மேஜையில் வைத்தார்.

அம்மாள் ஒவ்வொரு வார்த்தையாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். 'காலஞ்சென்ற சென்னியப்பன் அவர்களின் மனைவி' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதைப் போட்டுத்தான் எழுதோணுமுங்களா?"

"ஆமாம்மா."

"ஊட்ல எல்லாரும் பெரியவரு இல்லைன்னுதான் சொல்றாங்க. நான் இன்னும் ஒருக்காக்கூடச் சொல்லலீங்க."

கவுண்டரில் கூட்டம் சத்தம் போட்டது. இருங்கள் என்று கையைக் காட்டினேன். அந்த அம்மாள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு அழுதார். என்னுடைய முந்தின நாள் கோபம் போன இடம் தெரியவில்லை.

பார் ஏப்ரல், மே இரண்டு மாதமும் மூடிக்கிடந்தது. வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் குமரேசன் கைக்காசில் சம்பளம் கொடுத்தார். கட்டணத்தை மறுபடி தன் பெயரில் கட்டிய பிறகு ஜூனில் அவர் பெயருக்கு ஆணை வந்தது. அப்பா பெயரில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க எழுதிப்போட்டு, நடையாய் நடந்தார். நான் ஓய்வு பெறும்வரை அது வந்தபாடில்லை.

கலால் பிரிவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். செலானில் தொகையைப் பார்க்கும் முன்னால் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இல்லையென்றால் வாங்காதீர்கள், யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் எதிரே நிற்கிறவரை உட்கார வையுங்கள்.