துப்பாக்கி அறைப் பச்சையம்மா

ராயபுரத்தில் ஒரு பழைய கப்பல் கம்பெனியின் மியூசியம். அங்கே இருக்கும் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுவது பச்சையம்மாவின் வேலை. உப்புக்காற்றில் இரும்பு சும்மா இருக்குமா? வெறுங்கை வியர்வை பட்டாலே துரு ஏறும். அதனால் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவாள். எது எந்தக் கப்பலில் வந்தது, எதன் விசை ஏன் இறுகிக் கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டே பொறுப்பாளர் ஜானட்டின் பிராணனை வாங்கிவிடுவாள்.

சுட்டுப் பல காலம் ஆன துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு என்று ஒருநாள் கேட்டாள். இவற்றால் இன்றைக்கும் சுட முடியும், அதனால்தான் என்றாள் ஜானட். அதுவும் பச்சையம்மா இப்படிப் பார்த்துக்கொள்வதால்தானாம். பச்சையம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஆப்பு வந்தது. துப்பாக்கியைத் தொடுகிறவர்களைப் போலீஸ் விசாரிக்க வேண்டுமாம். விசாரிக்கப் போன ஏட்டு, அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று எழுதிவிட்டார். புளியந்தோப்பிலேயே பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, குழாயடியில் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற பச்சையம்மா இல்லையாம்! ஜானட் மனசில்லாமல்தான் அறைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இனி டிக்கெட் கிழிக்கிற வேலைதான். பச்சையம்மா அன்று சோறு தொடவில்லை.

நடந்தது என்னவென்றால், ஏட்டு தெருமுனையில் நின்று, துப்பாக்கி விஷயமாக வந்திருக்கிறேன், பச்சையம்மா வீடு எது என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டுக்கொண்டு வருகிற போலீசுக்கு எந்தத் தெரு வழி காட்டும்? எதிர்வீட்டு ரமாபாய்தான் அப்படி யாரையும் தெரியாது என்று முதலில் கையை விரித்தாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

தெருக்காரர் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால் போதும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ரமாபாயோ, தன் மகனை விசாரணைக்கென்று கூட்டிப்போன நாளிலிருந்து ஸ்டேஷன் இருக்கும் பக்கமே நடக்காதவள். அவளைக் கூப்பிடப் பச்சையம்மாவுக்கு வாய் வரவில்லை. விஷயம் காதில் விழுந்ததும், மறுநாள் காலையில் ரமாபாயே நல்ல புடவை கட்டிக்கொண்டு பச்சையம்மாவின் வாசலில் வந்து நின்றாள்.

ஸ்டேஷனில் ஏட்டுக்கு ரமாபாயை அடையாளம் தெரிந்துவிட்டது. அன்று தெரியாது என்றவள் இன்று தெரியும் என்றால் எதை நம்புவது என்று கேட்டார். ரமாபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அன்னிக்கும் அவள காப்பாத்தத்தான் சொன்னேன் நைனா. இன்னிக்கும் அதுக்குத்தான் வந்துகீறேன்."

ஏட்டு பழைய ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாளை எடுத்து வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரும்மா என்றார்.